பின்களத்துப் பிள்ளைகளுக்காக: பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கனடாவிலும் இலண்டனிலும் சுவிசிலும் நோர்வேயிலும் இயங்கும் வடமராட்சிப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கத்தாருக்கு,



நீங்கள் அனுப்புகிற பணம் எங்கே போய்ச் சேருகிறது என்பதை நெல்லியடியில் இருக்கிற நாங்கள் கண்ணால் காண்கிறோம். மதில் எழும்பியிருக்கிறது. ஒழுகின கூரை மாறியிருக்கிறது. தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு மாதாமாதம் உதவித்தொகை தவறாமல் வருகிறது. இதற்கெல்லாம் நாங்கள் நன்றி மறக்கவில்லை. இந்த மடலில் நான் கேட்கப் போவது வேறு ஒன்று. உதைபந்தாடுகிற எங்கள் பெண்பிள்ளைகளுக்கு உயர்தரப் பரீட்சை முடிந்த பிறகு வருகிற நான்கு வருடங்களை நீங்கள் பொறுப்பெடுக்க வேண்டும்.

ஏன் அந்த நான்கு வருடங்கள் என்று சொல்கிறேன்.

எங்கள் பிள்ளைகளுக்குத் திறமை போதாது என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியும் பண்டத்தரிப்பு மகளிர் உயர்தரப் பாடசாலையும் பெண்கள் உதைபந்தாட்டத்தில் தேசிய மட்டத்தில் பெயரெடுத்தவை. மகாஜனாவில் ஆடிய பிள்ளைகள் இலங்கைத் தேசிய அணியின் சட்டையைப் போட்டிருக்கிறார்கள். போரில் இடம்பெயர்ந்து, வேறிடங்களில் வகுப்பு நடத்தி, திரும்பி வந்து பற்றை வெட்டித் தொடங்கிய பாடசாலை அது. வலிகாமத்துப் பிள்ளைகளால் ஏலுமென்றால் வடமராட்சிப் பிள்ளைகளாலும் ஏலும். பின்னேரம் நாலரைக்கு இங்கே மைதானத்துக்கு வந்து பார்த்தால் அது யாருக்கும் விளங்கும்.

நான் பழக்குகிற அணியில் பின்களத்தில் நடுவே நிற்கிற பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். வயது பதினெட்டு. எதிரணிப் பிள்ளை பந்தோடு வரும்போது மற்றவர்களைப் போல் இவள் ஓடிப்போய் விழுவதில்லை. இரண்டு அடி பின்வாங்குவாள். உடம்பை அரைவாசி திருப்பி, வருகிறவளைக் கோட்டுப் பக்கமாக ஒதுக்கிக்கொண்டே போவாள். கண் பந்திலே இருக்கும், முகத்தைப் பார்க்கமாட்டாள். பந்து அந்தப் பிள்ளையின் காலை விட்டு ஒரு முழம் விலகுகிற நேரம் பார்த்துத் தன் காலை வைப்பாள். அவ்வளவுதான். பந்து இவளிடம். அடுத்த கணம் தலையை நிமிர்த்தி, "ஏறுங்கோ, எல்லாரும் ஏறுங்கோ" என்று அவள் போடுகிற சத்தம் வீதிக்குக் கேட்கும். முழு அணியும் பத்து யார் முன்னுக்கு நகரும். எதிரணி முன்கள ஆட்டக்காரி ஓஃப்சைட்டில் மாட்டி நிற்பாள். இதை அவளுக்கு யாரும் பாடமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் சொல்லிக் கொடுத்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் அவள் தானாகக் கண்டுபிடித்தது. அவள் போடுகிற பூட்ஸ் சுவிசில் இருக்கிற மாமி அனுப்பியது. ஒரு அளவு பெரிது. விரல் பக்கம் துணி அடைத்துக்கொண்டுதான் ஆடுகிறாள்.

அவளுடைய தாய் ஒருநாள் மைதான வாசலில் என்னை மறித்துக் கேட்டார்: "ரீச்சர், இதாலை இவளுக்கு என்ன கிடைக்கப் போகுது?"

நியாயமான கேள்வி. பெண்பிள்ளை காற்சட்டையோடு ஓடுகிறாளே என்று கேட்ட காலம் பெரும்பாலும் போய்விட்டது. இந்தத் தாய் அதைக் கேட்கவில்லை. உயர்தரம் முடிந்தால் கணனி வகுப்போ தாதியர் பயிற்சியோ ஆசிரியர் கலாசாலையோ ஏதோ ஒரு வழி தெரிகிறது; பந்தின் வழி எங்கே போய் முடிகிறது என்றுதான் கேட்டார். நான் சொன்ன பதில் அவருக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. ஏனென்றால் எங்கள் ஊரில் அந்த வழி பரீட்சை மண்டப வாசலோடு நின்றுவிடுகிறது. பாடசாலை அணிக்கு வயது கடந்துவிடும். பெண்களுக்கென்று ஒழுங்காக இயங்கும் கழகம் கிட்டடியில் இல்லை. ஒரு மழைக்காலம் போனால் கால் மறந்துவிடும். அடுத்த வருடம் அந்தப் பிள்ளையைப் புடவைக்கடையில் கண்டால் "இப்ப விளையாடுறியோ?" என்று கேட்கவே எனக்கு மனம் வராது.

உலகத்தின் மறுமுனையில் இதே இடத்தில் நின்ற ஒரு பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். சிலருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். நயோமி கிர்மா. அமெரிக்காவின் பின்கள வீராங்கனை.

அவருடைய கதையின் தொடக்கம் உங்களுக்குப் புதிதாக இராது. தாயும் தகப்பனும் எத்தியோப்பியாவிலிருந்து 1980களில் அமெரிக்காவுக்குப் போனவர்கள். கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரில் குடியேறினார்கள். அவர்களும் எங்களைப் போலவே தகப்பன் பெயரைப் பிள்ளையின் பெயரோடு சேர்ப்பவர்கள்; கிர்மா என்பது தகப்பனின் பெயர். அந்தத் தகப்பன், ஊரவர்கள் வார இறுதியில் ஒன்றுகூட வேண்டும், பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிய வேண்டும் என்று பூங்கா ஒன்றில் எத்தியோப்பியக் குடும்பங்களுக்காக உதைபந்தாட்டம் ஒழுங்கு செய்தார். 2000ஆம் ஆண்டு பிறந்த நயோமி முதலில் பந்தை உதைத்தது அங்கேதான். ஸ்காபரோவில் நீங்கள் நடத்துகிற கோடைகால ஒன்றுகூடலையும், ஹரோவில் சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற தகப்பன்மாரையும் நினைத்துப் பாருங்கள். அகதியாகவோ குடியேறியோ போன ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காக உண்டாக்கிக்கொண்ட ஒரு மைதான மூலையிலிருந்துதான் அவர் வந்தார்.

அங்கிருந்து ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்கு அவர் போனது 2018இல். நான் உங்களிடம் கேட்கிற நான்கு வருடங்கள் அவருக்கு அங்கே கிடைத்தன. மொழியியலும் கணினியியலும் தத்துவமும் உளவியலும் ஒன்றுசேர்ந்த ஒரு துறையில் பட்டம் படித்தார். படித்துக்கொண்டே பல்கலைக்கழக அணியின் பின்களத்தை நடத்தினார். 2019இல் ஸ்ரான்ஃபோர்ட் தேசியக் கல்லூரிச் சம்பியனானது. இறுதியாட்டத்தில் வட கரோலினாவோடு கோல் இல்லாத சமநிலை, பிறகு பெனால்டியில் வெற்றி. அத்தனை நேரம் ஒரு கோலும் வாங்காமல் நின்ற பின்களத்தில் இவர் இருந்தார். படிப்பும் பந்தும் ஒன்றையொன்று தின்னும் என்று நம்புகிற எங்கள் ஊருக்கு இந்த வருடங்களைத்தான் நான் காட்ட விரும்புகிறேன், அவர் பிறகு வென்ற பதக்கங்களை விடவும்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது? 1972இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அரசாங்கப் பணம் வாங்குகிற கல்விக்கூடம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பாகுபாடு காட்டக்கூடாது என்பது அதன் சாரம். சட்டத்தில் உதைபந்து என்று ஒரு சொல் இல்லை. ஆனால் அதன்பின் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கும் அணிகள் வைக்க வேண்டியதாயிற்று, பயிற்றுநர் வைக்க வேண்டியதாயிற்று, விளையாட்டுக்கான புலமைப்பரிசில் கொடுக்க வேண்டியதாயிற்று. 1982இல் முதலாவது தேசியக் கல்லூரிப் பெண்கள் உதைபந்தாட்டச் சம்பியன் போட்டி நடந்தது. அமெரிக்கப் பெண்கள் நான்கு தடவை உலகக் கிண்ணம் வென்றதற்கு அவர்களின் உடல்வாகைக் காரணம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பதினெட்டு வயதில் பந்தை விடத் தேவையில்லாத நாடாக அது பல பத்தாண்டுகளுக்கு முன்னரே மாறிவிட்டது, அதுதான் காரணம்.

2021 டிசெம்பரில் தொழில்முறைக் கழகங்கள் கல்லூரி வீராங்கனைகளைத் தெரிவு செய்த நிகழ்வில், சான் டியாகோ வேவ் என்ற புதிய கழகம் முதலாவது ஆளாக நயோமியை எடுத்தது. அங்கே அவருக்குப் பயிற்றுநர் கேசி ஸ்டோனி. இங்கிலாந்துக்காக 130 ஆட்டங்கள் ஆடியவர், அவரும் பின்கள வீராங்கனைதான். முதலாவது பருவத்திலேயே நயோமி, லீக்கின் சிறந்த புதுமுகம் என்ற விருதையும் சிறந்த பின்கள வீராங்கனை என்ற விருதையும் சேர்த்து வாங்கினார். அந்த 2022 ஏப்ரலில் தேசிய அணிக்கும் ஆடத் தொடங்கிவிட்டார்.

அவர் ஆடுகிற விதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்களம் என்றால் இடிப்பதும் விழுத்துவதும் பந்தைக் கண்காணாத இடத்துக்கு அடிப்பதும் என்று எங்களுடைய பயிற்றுநர்கள் சிலரே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நயோமி சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பதை அரிதாகத்தான் காண்பீர்கள். பந்து வரப்போகிற பாதையை முன்னரே படித்துவிட்டு அங்கே போய் நிற்பார். பந்து காலுக்கு வந்தால் அவசரப்படமாட்டார். எதிரணி முன்கள வீராங்கனை தன்னை நோக்கி வரும்வரைக்கும் பொறுத்து, வந்ததும் அவள் விட்ட இடைவெளியால் நடுக்களத்துக்குப் பந்தைக் கொடுப்பார். தாக்குதல் அவருடைய காலில்தான் தொடங்கும். 2024இல் அமெரிக்க அணியின் பயிற்றுநரான எம்மா ஹேய்ஸ், தான் கண்ட பின்கள வீராங்கனைகளில் இவரே தலைசிறந்தவர் என்று சொன்னார். இங்கிலாந்தில் செல்சி கழகத்தைப் பன்னிரண்டு வருடங்கள் நடத்தியவர் சொன்னது அது.

பின்களத்தில் நிற்பவளின் தலையெழுத்து எப்படிப்பட்டது என்பதற்கு 2023 உலகக் கிண்ணத்தைப் பாருங்கள். அமெரிக்கா நான்கு ஆட்டங்கள் ஆடியது. ஆட்ட நேரத்தில் வாங்கியது ஒரேயொரு கோல், நெதர்லாந்திடம். போர்த்துக்கலுக்கும் சுவீடனுக்கும் எதிராக ஒன்றும் வாங்கவில்லை; ஆனால் அடிக்கவும் இல்லை. சுவீடனோடு பெனால்டியில் தோற்று இரண்டாவது சுற்றிலேயே வீட்டுக்குப் போனார்கள். செய்திகளில் வந்ததெல்லாம் பெனால்டியைத் தவறவிட்டவர்களின் பெயர்கள். ஆனாலும் அந்த வருடத்துக்கான அமெரிக்காவின் சிறந்த வீராங்கனை விருது நயோமிக்குக் கிடைத்தது. அந்த விருதை வாங்கிய முதலாவது பின்கள வீராங்கனை அவர். அடுத்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆறு ஆட்டங்கள், அவற்றில் இரண்டு மேலதிக நேரம் வரைக்கும் போனவை. ஒரு நிமிடமும் அவர் வெளியே இருக்கவில்லை. அணி வாங்கியது மொத்தம் இரண்டு கோல்கள். இறுதியாட்டத்தில் பிரேசிலை 1–0 என வென்று தங்கம். 2025 ஜனவரியில் செல்சி அவரை வாங்கியபோது கொடுத்த தொகை ஏறத்தாழ பதினொரு இலட்சம் அமெரிக்க டொலர். பெண்கள் உதைபந்தாட்டத்தில் பத்து இலட்சம் டொலரைத் தாண்டிய முதலாவது ஒப்பந்தம் அது. அந்தத் தொகை கோல் அடிக்கிற ஒருத்திக்கு முதலில் கொடுக்கப்படவில்லை, கோல் விழாமல் பார்க்கிற ஒருத்திக்குக் கொடுக்கப்பட்டது. இதை நான் என் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் போட்டிகளில் பரிசு கொடுப்பவர்கள் நீங்கள். அதிக கோல் அடித்தவருக்குக் கிண்ணம். ஆட்ட நாயகிக்கு ஒரு கடித உறைக்குள் காசு; அதுவும் அநேகமாகக் கோல் அடித்தவருக்கே போகும். பந்துக்காப்பாளருக்கு ஏதோ ஒன்று. பின்களத்தில் நின்ற நாலு பேருக்கும் கைதட்டல் மட்டும். இந்த வருடமே அதை மாற்றலாம். செலவு பெரிதில்லை.

இனி எங்கள் நிலைமைக்கு வருகிறேன்.

நயோமி 2020இல் முழங்காலின் சிலுவைத் தசைநார் அறுந்து அந்தப் பருவம் முழுவதும் ஆடவில்லை. அவர் படித்த இடத்தில் சத்திரசிகிச்சை நிபுணர்களும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்களும் இருந்தார்கள். திரும்பி வந்து ஒரு பருவம் ஆடிய பிறகுதான் முதலாவது ஆளாகத் தெரிவானார். பெண்பிள்ளைகளுக்கு இந்தக் காயம் ஆண்பிள்ளைகளை விட இரண்டு மடங்குக்கும் மேலாக வருகிறது. இங்கே அது வந்தால் என்ன நடக்கும்? எண்ணெய் பூசிப் புக்கை கட்டுவோம். முறிவு நெரிவு வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. கை முறிந்த எத்தனையோ பேரை அது சுகமாக்கியிருக்கிறது. ஆனால் அறுந்த சிலுவைத் தசைநார் புக்கையால் ஒட்டாது. வீக்கம் வற்றியதும் பிள்ளை திரும்ப ஓடுவாள், ஒரு திருப்பத்தில் கால் மடியும், அத்தோடு முடிந்தது.

நோர்வேயில் இருக்கிற சங்கத்தாருக்கு ஒரு செய்தி. உங்கள் நாட்டில் பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையான உதைபந்தாட்டப் பெண்பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடத்தி 2008இல் வெளியிட்டார்கள். பயிற்சிக்கு முன்னர் இருபது நிமிடம் செய்கிற ஒரு ஆயத்தப் பயிற்சி முறை: மெதுவான ஓட்டம், ஒற்றைக்காலில் நிற்பது, பாய்ந்து சரியாக நிலத்தில் இறங்குவது, வெட்டித் திரும்புவது. அதை ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அதற்கு எந்தச் சாமானும் வேண்டாம். சொல்லிக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். அங்கே அதைப் பழக்குகிற யாராவது உங்கள் பிள்ளைகளின் கழகத்தில் இருப்பார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்களோடு ஒருவரைச் சேர்த்துக் கூட்டி வாருங்கள். வடமராட்சியின் உடற்கல்வி ஆசிரியர்களை ஒரு கிழமைக்கு ஓரிடத்தில் சேர்க்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

காலைப் பற்றிச் சொன்னால் மனதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 இறுதியாட்டத்தில் பெனால்டிகளைத் தடுத்து ஸ்ரான்ஃபோர்ட்டுக்குக் கிண்ணம் பெற்றுக் கொடுத்த பந்துக்காப்பாளர் கேற்றி மேயர், நயோமியின் நெருங்கிய தோழி. 2022 மார்ச்சில், இருபத்திரண்டு வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். நயோமி அடுத்த வருட உலகக் கிண்ணத்தை அவர் நினைவுக்கு அர்ப்பணித்து, இளம் விளையாட்டு வீரர்களின் மனநலம் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார். பரீட்சைப் பெறுபேறு வருகிற நாட்களில் எங்கள் ஊர் எப்படி மூச்சடங்கிக் கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களும் அதைக் கடந்து போனவர்கள்தான். பிள்ளையைத் தூர அனுப்பிப் பந்தும் படிப்பும் சேர்த்துச் சுமக்க வைப்பதென்றால், வாரத்துக்கு ஒருமுறையாவது "சாப்பிட்டியோ, நித்திரை கொண்டியோ" என்று கேட்கிற ஓர் ஆளையும் சேர்த்து ஒழுங்கு செய்ய வேண்டும். காசு மட்டும் அனுப்புகிற திட்டத்தை நான் கேட்கவில்லை.

சரி, அமெரிக்காவின் கதை எங்களுக்கு எட்டாது என்பீர்கள். கிட்டப் பாருங்கள், பருத்தித்துறைக் கடலுக்கு அப்பால். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி இந்தியாவின் தேசியச் சம்பியன் போட்டியை 2018இலும் 2023இலும் வென்றது. கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகளான இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் இந்திய அணிக்கு ஆடுகிறவர்களாக வளர்ந்தார்கள். இந்துமதி தமிழ்நாடு பொலிஸில் உப பரிசோதகர். விளையாட்டின் பேரில் கிடைத்த வேலை. கொரோனா நாட்களில் சென்னை வீதியில் கடமையில் நின்றார், பிறகு திரும்பப் பந்துக்குப் போனார். மைதான வாசலில் என்னை மறித்த தாய்க்கு அங்கே ஒரு பதில் இருக்கிறது.

இந்தியப் பெண்கள் லீக் 2017இல்தான் தொடங்கியது. இரண்டு வருடம் கழித்து மதுரையைத் தளமாகக் கொண்ட சேது கழகம் அதன் சம்பியனானது. அந்த அணிக்குக் கோல் அடித்துக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் நேபாளத்தின் சபித்ரா பண்டாரி. மலைநாட்டுக் கிராமத்தில் வளர்ந்த பெண். தமிழ்நாட்டுக் கழகத்துக்கு ஆடிய அவர், பிறகு 2024இல் பிரான்ஸின் முதல்தரக் கழகமான கிங்காம்புக்கு ஆடினார். நேபாளத்துப் பெண் மதுரைக் கழகத்துக்கு வந்து ஆட முடியுமென்றால் எங்கள் பிள்ளை ஏன் போக முடியாது? மொழியும் தெரியும், சாப்பாடும் ஒத்துக்கொள்ளும். தேவைப்படுவது இவ்வளவுதான்: அவள் ஆட்டத்தை அங்கே ஒருவர் பார்க்க வேண்டும், அதுவரை அவள் ஆட்டத்தில் இருக்க வேண்டும்.

இலங்கையில் அந்த "அதுவரை" தான் இல்லை. பெண்களுக்கென்று தொழில்முறை லீக் இங்கே கிடையாது. வலுவான பெண்கள் அணிகள் பெரும்பாலும் முப்படைகளுடையவை. சேர்ந்தால் சம்பளம், மைதானம், வைத்தியம் எல்லாம் உண்டு. அந்த வாசல் எங்கள் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் எப்படிப்பட்ட வாசல் என்று வடமராட்சியில் பிறந்த உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. போவதும் போகாததும் அந்தந்தப் பிள்ளையின் முடிவு, நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். வேறு வாசல் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதே என் கவலை. இதற்கிடையில் 2023 ஜனவரியில் பீபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது, ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. பெரியவர்களின் நிர்வாகச் சண்டையில் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு பருவம் போனது. அந்த வயதில் ஒரு பருவம் என்பது திரும்பி வராத சாமான்.

ஆகவே கேட்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் வடமராட்சி முழுவதற்குமாக மூன்று பிள்ளைகளைத் தெரிவு செய்யுங்கள். எந்தப் பாடசாலை என்று பார்க்காமல். இந்த ஒரு விடயத்திலாவது சங்கங்கள் ஒன்றுசேர வேண்டும். உங்கள் பாடசாலைப் பிள்ளை, எங்கள் பாடசாலைப் பிள்ளை என்று பிரித்தால் மூன்று பேரும் கிடைக்கமாட்டார்கள். மூவரில் ஒருத்தியாவது பின்களத்தவளாக இருக்கட்டும். தெரிவைப் பாடசாலை அதிபர்களிடம் மட்டும் விடாதீர்கள், என்னிடமும் விடாதீர்கள். வெளி மாவட்டப் பயிற்றுநர்கள் இருவர் வந்து ஆட்டத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

அந்த மூவருக்கும் உயர்தரம் முடிந்த கையோடு நான்கு வருடங்கள். பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி வந்தால் அங்கே. விளையாட்டில் தேசிய மட்டத்தில் சிறந்தவர்களுக்கென்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலில் ஒரு சிறப்பு ஏற்பாடு இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, விண்ணப்பிப்பதும் இல்லை. படிவத்தை நிரப்பி, சான்றிதழ்களை ஒழுங்காகச் சேர்த்து அனுப்ப ஒருவர் உதவினால் போதும். உங்களில் எத்தனை பேர் அலுவலக வேலையில் இருக்கிறீர்கள்! இதை ரொறன்ரோவில் இருந்தே செய்யலாம். அது கிடைக்காதவர்களுக்குத் தொழில் கற்கை ஒன்று, ஆங்கில வகுப்பு, யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ தங்கி ஒரு கழகத்துக்கு ஆடுவதற்கான விடுதிச் செலவு. நெல்லியடியிலிருந்து 750ஆம் இலக்க பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய், பயிற்சி முடித்து, இருட்டிய பிறகு தனியே திரும்பி வா என்று எந்தத் தாயிடமும் நான் சொல்லமாட்டேன். பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு வானும் நம்பிக்கையான ஒரு சாரதியும் இருந்தால் பாதிப் பெற்றாரின் மறுப்பு அன்றைக்கே தீர்ந்துவிடும். அளவான பூட்ஸ். முழங்கால் நொந்தால் ஸ்கான் எடுக்கக் காசு. ஆட்டங்களை ஒழுங்காக வீடியோ எடுத்து வைக்க ஓர் ஆள். இந்தக் காலத்தில் கழகங்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

கனடாவில் இருப்பவர்களுக்கு இன்னுமொன்று. உங்கள் நாட்டில் 2025 ஏப்ரலில் பெண்களுக்கான முதலாவது தொழில்முறை லீக் தொடங்கியது. ஆறு கழகங்கள், ஒன்று ரொறன்ரோவில். அங்கே உங்கள் மகள்மார் ஆட வேண்டும் என்றும் நான் ஆசைப்படுகிறேன். அவர்களை அந்த ஆட்டங்களுக்குக் கூட்டிப் போங்கள். பின்களத்தில் நிற்பவளைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடை விடுமுறையில் ஊருக்கு வரும்போது அவர்களின் பூட்ஸையும் பெட்டிக்குள் வைத்து விடுங்கள்; எங்கள் அணியோடு ஒரு பின்னேரம் ஆடட்டும். என் பின்களத்துப் பிள்ளைகளைத் தாண்டிப் போவது அவ்வளவு சுலபமில்லை என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

இந்தப் பிள்ளைகள் எல்லாரும் நயோமி கிர்மா ஆவார்கள் என்று நான் எழுதவில்லை. அப்படி ஆசை காட்டிப் பணம் கேட்பது பாவம். மூவரில் ஒருத்தி தேசிய அணிக்குப் போகலாம். ஒருத்தி இந்திய லீக்கில் இரண்டு பருவம் ஆடிவிட்டு வரலாம். ஒருத்தி பந்தை விட்டுவிட்டு உடற்கல்வி ஆசிரியையாக இதே மைதானத்துக்குத் திரும்பலாம்; பெண்பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநர் இல்லாத குறையை அவள் தீர்ப்பாள். மூன்றும் எனக்குச் சம்மதம். பதினெட்டு வயதில் கட்டாயத்தால் நிற்பது மட்டும்தான் சம்மதமில்லை.

உங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டங்களுக்கான நிகழ்ச்சி நிரல் தயாராகிற நேரத்தில் இதையும் ஒரு விடயமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சங்கம் சம்மதித்தால் மற்றச் சங்கங்களுக்கு நான் தனித்தனியே எழுதுகிறேன். வேண்டுமென்றால் அந்தத் தாயையே உங்களோடு பேச வைக்கிறேன். என்னை விட அவர் நன்றாகக் கேள்வி கேட்பார்.

அன்புடன்,
நெல்லியடியிலிருந்து ஓர் உடற்கல்வி ஆசிரியை